கொழுப்பு மாத்திரை சாப்பிடும்போது கரு தங்கிவிட்டது, கலைக்க வேண்டுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். வயது 33, வீடு கொருக்குப்பேட்டை. நான்கு வருடமாகச் சுகர். சுகருக்கு மெட்ஃபார்மினும், கொழுப்புக்கு ராத்திரியில் அடோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமும் சாப்பிட்டு வந்திருக்கிறீர்கள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து நாள் தள்ளிப்போய், ஸ்கேனில் எட்டு வாரக் கரு, இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. அடுத்த மாதத்து மாத்திரை வாங்கப் போனபோது மெடிக்கல்காரர் உள்ளே இருந்த துண்டுத்தாளில் "கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடாது" என்ற வரியைக் காட்ட, வீட்டில் ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "குழந்தை ஊனமாகப் பிறக்குமா, மாத்திரையை நிறுத்தினால் எனக்கு ஹார்ட் அட்டாக் வருமா?" என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் "மாமியார் கலைத்துவிடச் சொல்கிறார்" என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறதே, அதுதான் நீங்கள் கேட்க வந்த கேள்வி என்று நினைக்கிறேன். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். இந்த மாத்திரையைச் சாப்பிட்டீர்கள் என்ற காரணத்துக்காக மட்டும் கருவைக் கலைக்க வேண்டியதில்லை.

நான் பொது மருத்துவம் படித்தவன். தண்டையார்பேட்டைப் பக்கம் பல வருடமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். சுகர், பி.பி., கொழுப்பு இவைதான் என் அன்றாடம். மகப்பேறு மருத்துவர் இல்லை. கர்ப்பிணிகளின் சுகரையும் பி.பி.யையும் மகப்பேறு மருத்துவர்களோடு சேர்ந்து பார்க்கிறவன், அவ்வளவுதான். உங்கள் ரிப்போர்ட் எதையும் நான் பார்க்கவில்லை. அதனால் கீழே எழுதுவதை உங்கள் மருத்துவரிடம் பேசுவதற்கான தயாரிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது சின்ன வேலை. அடோர்வாஸ்டாட்டினை இன்று ராத்திரியிலிருந்து நிறுத்திவிடுங்கள். படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை, அப்படியே நிறுத்தலாம். சில நாட்களில் உடம்பைவிட்டுப் போய்விடும். மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். பயத்தில் எல்லா மாத்திரையையும் தூக்கிப் போட்டுவிட்டு, சுகர் 300-ஐத் தாண்டிய பிறகு வருகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதுதான் உண்மையில் குழந்தைக்கு ஆபத்து. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது அந்தத் துண்டுத்தாள் விஷயத்துக்கு வருவோம். மெடிக்கல்காரர் செய்தது சரி, அவரைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் "சாப்பிடக்கூடாது" என்று ஒரு மருந்தைப் பற்றி எழுத இரண்டு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அந்த மருந்து குழந்தையைக் கெடுக்கும் என்று நிரூபணமாகியிருக்கும். தாலிடோமைடு அப்படிப்பட்டது. 1950-களின் கடைசியில் வாந்திக்கென்று கொடுத்து, கை கால் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்து, 1961-ல் சந்தையிலிருந்து எடுத்தார்கள். முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயினும் அந்த ரகம்தான். இன்னொரு காரணம், அந்த மருந்தால் கர்ப்ப காலத்தில் பெரிய நன்மை எதுவும் இல்லை, அப்புறம் எதற்குச் சின்ன அபாயத்தைக்கூட ஏற்க வேண்டும் என்பது. ஸ்டாட்டின்கள், அதாவது உங்கள் அடோர்வாஸ்டாட்டின் வகையறா, பெரும்பாலும் இந்த இரண்டாவது காரணத்துக்காகத்தான் தடைப் பட்டியலில் போய் உட்கார்ந்தன. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்தக் காலத்தில் மருந்துகளுக்கு ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று எழுத்து கொடுத்து வந்தது. தாலிடோமைடுக்கும் எக்ஸ், ஸ்டாட்டினுக்கும் எக்ஸ். ஒரே எழுத்து என்பதால் இரண்டும் ஒரே மாதிரி விஷம் என்று மருத்துவர்களே நினைத்துக்கொண்டார்கள். இந்தக் குழப்பத்துக்காகவே 2015-லிருந்து அந்த எழுத்து முறையை எஃப்.டி.ஏ. படிப்படியாகக் கைவிட்டது. பழைய பயம் மட்டும் துண்டுத்தாள்களில் தங்கிவிட்டது.

அந்தப் பயத்துக்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நம் ஊரில் கொழுப்பு என்றாலே கெட்டது என்று ஆகிவிட்டது. ஆனால் வயிற்றில் வளரும் குழந்தைக்குக் கொலஸ்ட்ரால் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. ஒவ்வொரு செல்லின் உறைக்கும் அது வேண்டும், ஹார்மோன்கள் அதிலிருந்துதான் தயாராகின்றன. மூளையும் கை கால்களும் எந்த இடத்தில் எப்படி வளர வேண்டும் என்று கட்டளையிடும் ஒரு முக்கியமான புரதம் வேலை செய்வதற்கும் கொலஸ்ட்ரால் தேவை. பிறவியிலேயே கொலஸ்ட்ரால் தயாரிக்க முடியாத ஸ்மித்-லெம்லி-ஒபிட்ஸ் என்ற அரிய நோய் இருக்கிறது. அந்தக் குழந்தைகளுக்கு மூளையிலும் முகத்திலும் விரல்களிலும் குறை இருக்கும். ஸ்டாட்டின் செய்யும் வேலையே கொலஸ்ட்ரால் தயாராவதைத் தடுப்பது. அதனால், "தாய் சாப்பிட்டால் குழந்தைக்கும் இப்படி ஆகுமோ" என்று ஆராய்ச்சியாளர்கள் பயந்தது நியாயம்தான். மனிதர்களுக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு அதிக டோஸ் கொடுத்த எலிகளின் குட்டிகளுக்கு எலும்புக் குறைகள் வந்ததும் உண்மை.

2004-ல் அமெரிக்காவிலிருந்து ஒரு கட்டுரை வந்து பயத்தை இன்னும் கூட்டியது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ஸ்டாட்டின் சாப்பிட்டதாக எஃப்.டி.ஏ.வுக்கு வந்த புகார்களில், ஆராயத் தகுந்த 52 கர்ப்பங்களை எடுத்துப் பார்த்ததில் 20-ல் குறை இருந்தது என்றார்கள். கேட்டால் தலை சுற்றும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். மாத்திரை சாப்பிட்டுவிட்டு நல்லபடியாகக் குழந்தை பெற்றவர்கள் யாராவது அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதுவார்களா? குறை வந்தவர்கள்தான் எழுதுவார்கள். அதனால் புகார்ப் பெட்டியைத் திறந்து எண்ணி "நூற்றுக்கு இத்தனை" என்று சொல்ல முடியாது. கட்டுரை எழுதியவர்கள் ஓர் எச்சரிக்கை மணி அடித்தார்கள். தவறில்லை. அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டதுதான் தவறு.

மணி அடித்த பிறகு ஒழுங்காக எண்ணிப் பார்க்க வேண்டும் இல்லையா, அதை 2015-ல் ஓர் அமெரிக்கக் குழு செய்தது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இருந்த பெண்களின் 8,86,996 கர்ப்பங்களை எடுத்துக்கொண்டார்கள். அதில் முதல் மூன்று மாதத்தில் ஸ்டாட்டின் வாங்கியவர்கள் 1,152 பேர். அவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 6.34 பேருக்குப் பிறவிக் குறை, மற்றவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 3.55. இதோடு நிறுத்திவிட்டால் மாத்திரைதான் குற்றவாளி. ஆனால் இந்த வயதில் கொழுப்பு மாத்திரை சாப்பிடும் பெண்கள் யார்? சுகர் இருப்பவர்கள், எடை கூடியவர்கள், பி.பி. உள்ளவர்கள், வயது கொஞ்சம் தாண்டியவர்கள். அவர்கள் மாத்திரையே சாப்பிடாமல் இருந்தாலும் பிறவிக் குறை கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும். அந்தக் காரணங்களையெல்லாம், முக்கியமாகச் சுகரை, கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகு அந்த வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போய்விட்டது. 1 என்றால் எந்த வித்தியாசமும் இல்லை என்று பொருள். சரிசெய்த பிறகு வந்த எண் 1.07.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 0.85 முதல் 1.37 வரை என்று ஓர் எல்லையும் போட்டிருந்தார்கள். "ஒரு துளிகூடக் கூடவில்லை" என்று சத்தியம் செய்ய முடியாது என்பதுதான் அதன் பொருள். மோசமான ஓரத்தை எடுத்துக்கொண்டாலும் நூற்றுக்கு மூன்றரை என்பது ஐந்துக்குள் நிற்கும். தொண்ணூற்றைந்துக்கு மேல் குழந்தைகள் அப்போதும் நல்லபடியாகத்தான் பிறக்கின்றன. இன்னொரு குறையும் அந்த ஆய்வில் உண்டு. உயிரோடு பிறந்த குழந்தைகளை மட்டும்தான் எண்ணினார்கள். நடுவிலேயே கலைந்தவை, கலைக்கப்பட்டவை கணக்கில் வரவில்லை.

எனக்கு உறுதியாகத் தோன்றுவது எது, சந்தேகமாக இருப்பது எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். முதல் சில வாரங்களில் தெரியாமல் சாப்பிட்ட ஸ்டாட்டின், தாலிடோமைடு மாதிரிப் பெரிய அளவில் குழந்தைகளை ஊனமாக்கும் மருந்து இல்லை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 2021 ஜூலையில் எஃப்.டி.ஏ.வும் "எந்தக் கர்ப்பிணியும் சாப்பிடவே கூடாது" என்ற கடுமையான தடையை ஸ்டாட்டின் லேபிள்களிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டது. தெரியாமல் ஆரம்ப வாரங்களில் சாப்பிட்டதால் குழந்தைக்குக் கெடுதல் வர வாய்ப்பு குறைவு என்றே அந்த அறிவிப்பில் சொன்னார்கள். அதே மூச்சில், பெரும்பாலான பெண்கள் கர்ப்பம் என்று தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். இரண்டும் முரண் இல்லை. "இதுவரை சாப்பிட்டதற்குப் பயப்படாதே, இனிமேல் வேண்டாம்" என்பதுதான் விஷயம்.

சந்தேகம் இருப்பது வேறு இடங்களில். ஸ்டாட்டின் சாப்பிட்ட பெண்களுக்குக் கருச்சிதைவு கொஞ்சம் கூடுதல் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அது மாத்திரையாலா, அவர்களிடம் ஏற்கெனவே இருந்த நோயாலா என்று இன்னும் பிரிக்க முடியவில்லை. மாத்திரையே சாப்பிடாத பெண்களிலும் உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தானாகவே கலைகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2021-ல் தைவானிலிருந்து வந்த ஆய்வில், ஸ்டாட்டின் சாப்பிட்ட 469 பெண்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறை கூடவில்லை. ஆனால் எடை குறைந்தும் மாதம் நிறையாமலும் பிறப்பது அதிகமாக இருந்தது. அங்கேயும் அதே கேள்விதான், மாத்திரையா நோயா? குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் எப்படி இருக்கிறார்கள் என்பதற்குத் தகவல் மிகக் குறைவு. கர்ப்பம் முழுக்கச் சாப்பிட்டவர்களைப் பற்றியும் அப்படித்தான். தெரியாமல் சாப்பிட்டு எட்டு வாரத்தில் நிறுத்தியவரின் நிலைமை வேறு, பத்து மாதமும் சாப்பிடுபவரின் நிலைமை வேறு. முதலாவதைப் பற்றி நம்பிக்கையாகப் பேசுவேன். இரண்டாவதைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே உங்களுக்கு வராது.

சிலர் எதிர்க்கேள்வி போடலாம், "கர்ப்பிணிகளுக்கே ஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்தார்களாமே" என்று. உண்மைதான். கர்ப்ப கால இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் சேர்ந்து வருகிற நோய்க்குப் பிரவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் உதவுமா என்று சோதித்தார்கள். 2021-ல் வெளியான பெரிய சோதனையில் 1,120 பெண்கள். 35 முதல் 37 வாரத்தில், பாதிப் பேருக்கு அந்த மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 14.6 பேருக்கும் சாப்பிடாதவர்களில் 13.6 பேருக்கும் அந்த நோய் வந்தது. பலன் இல்லை. கர்ப்பிணிக்குக் கொடுத்துப் பார்க்கத் துணியும் அளவுக்கு இந்த மருந்தைப் பற்றிய பயம் குறைந்திருக்கிறது என்பதைத் தவிர, உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அது கடைசி மாதங்களில், வேறு ஒரு ஸ்டாட்டின்.

சரி, இப்போது நான் உண்மையில் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வி முழுக்கக் கொழுப்பு மாத்திரையைப் பற்றி. சுகர் எவ்வளவு என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை. கரு தங்கிய சமயத்தில் உங்கள் மூன்று மாதச் சராசரி, அதாவது எச்.பி.ஏ.1.சி., எவ்வளவு இருந்தது? 6.5-க்குள் என்றால் நிம்மதி. 8, 9 என்றால் குழந்தையின் இதயம், முதுகுத்தண்டு எல்லாவற்றையும் கவனமாகப் பார்க்க வேண்டும். 10-க்கு மேல் இருக்கும் பெண்களைக் கர்ப்பமாவதையே தள்ளிப்போடச் சொல்கிறது பிரிட்டனின் வழிகாட்டுதல். கர்ப்பத்துக்கு முன்பே சுகர் இருக்கும் தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறை வருவது மற்றவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. அந்த 2015 ஆய்வில் கொழுப்பு மாத்திரையின் தலையில் விழவிருந்த பழியில் பெரும்பகுதி சுகருடையதுதான் என்று பார்த்தோமே, அதுதான் இது. வீட்டில் எல்லோரும் மாத்திரை அட்டையைப் பிடித்துக்கொண்டு சண்டை போடும்போது சுகர் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கக் கூடாது. இந்த வாரமே வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, எச்.பி.ஏ.1.சி. ஒன்று எடுத்துவிடுங்கள். கர்ப்பத்தில் வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் இருக்க வேண்டும். அதற்கு இன்சுலின் வேண்டும் என்றால் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். "ஊசி போட ஆரம்பித்தால் ஆயுசு பூரா போட வேண்டும்" என்பதெல்லாம் தெருவில் பேசுகிற பேச்சு. பிரசவத்துக்குப் பிறகு பலருக்குத் திரும்ப மாத்திரைக்கு வர முடிகிறது.

அடுத்த கவலை, அட்டையில் வேறு என்ன இருக்கிறது என்பது. நீங்கள் இரண்டு மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இப்போது ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்து சேர்த்து வருகிறது. மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு, மெட்ஃபார்மினோடு டாபாக்ளிஃப்ளோசின், ரோசுவாஸ்டாட்டினோடு ஃபீனோஃபைப்ரேட் என்று. அட்டையைத் திருப்பி, பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள், இல்லையென்றால் அட்டையையே எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். மெட்ஃபார்மின் தொடரலாம். மற்ற சுகர் மாத்திரைகளைப் பெரும்பாலும் மாற்றி இன்சுலினுக்குப் போவோம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பி.பி.க்கு டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனாலாபிரில் மாதிரி ஏதாவது சாப்பிட்டால் உடனே மாற்ற வேண்டும். நான்காம் மாதத்துக்கு மேல் இவை குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பனிக்குட நீர் வற்றிப்போகும். இதில் சந்தேகமே இல்லை, நிரூபணமான விஷயம். வடசென்னையில் சுகர், பி.பி., கொழுப்பு மூன்றுக்கும் சேர்த்து ஒரே கவரில் மாத்திரை வாங்குகிற வீடுகள் எத்தனையோ. கொழுப்பு மாத்திரையைப் பார்த்துப் பதறிவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் டெல்மிசார்ட்டானைத் தொடர்கிறவர்கள் உண்டு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருபவரிடமும் கர்ப்பம் என்று சொல்லிவிடுங்கள், அவர் வழக்கம்போலப் பழைய மாத்திரையையே கொடுத்துவிட்டுப் போகக் கூடாது.

இயற்கை மருந்து என்று ஆன்லைனில் விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையும் வேண்டாம். அதில் இருப்பது மொனாகோலின் கே. 1987-ல் முதன்முதலாக விற்பனைக்கு வந்த ஸ்டாட்டினான லோவாஸ்டாட்டினும் அதுவும் ஒன்றேதான். பூஞ்சையிலிருந்து வந்தால் இயற்கை, கம்பெனி அட்டையில் வந்தால் கெமிக்கல் என்று உடம்புக்குத் தெரியாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, மாத்திரையை நிறுத்தினால் ஹார்ட் அட்டாக் வருமா என்பது. உங்கள் வயதில், நெஞ்சுவலியோ ஸ்டென்ட்டோ இல்லாத நிலையில், ஒரு வருடம் ஒன்றரை வருடம் நிறுத்துவதால் இழப்பு ஒன்றும் இல்லை. இரத்தக்குழாயில் கொழுப்பு படிவது நம் ஏரியா போர் தண்ணீரில் குழாயில் உப்பு படிகிற மாதிரி, வருடக்கணக்கில் நடக்கும் வேலை. உண்மையைச் சொன்னால், 33 வயதுப் பெண்ணுக்குச் சுகர் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஸ்டாட்டின் கட்டாயம் வேண்டுமா என்பதே விவாதத்துக்குரியது. நாற்பது வயதுக்கு மேல் சுகர் இருந்தால் கொடுக்கச் சொல்கிறார்கள். அதற்குக் கீழே வேறு அபாயங்கள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, சுகர் என்று எழுதிய கை அப்படியே கீழே கொழுப்பு மாத்திரையையும் எழுதிவிடும். எழுதும்போது "குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டிருந்தால், கருவுக்கு முயற்சி செய்வதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே நிறுத்தியிருக்கலாம். பிரிட்டனில் மூன்று மாதம் என்கிறார்கள். உங்களுக்கு இந்தப் பதற்றமே வந்திருக்காது.

இன்னொன்று, கர்ப்ப காலத்தில் கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுத்துப் பார்த்துப் பயப்படாதீர்கள். குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் தேவை என்பதால் தாயின் உடம்பே கொழுப்பை ஏற்றிக்கொள்ளும். மொத்தக் கொலஸ்ட்ரால் கால் பங்கிலிருந்து அரைப் பங்குவரை கூடும், ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு கடைசி மாதங்களில் இரண்டு மூன்று மடங்காகும். 280 என்று ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் வந்தாலும் அது நோய் இல்லை. லேபில் போட்டிருக்கும் "நார்மல்" அளவு கர்ப்பிணிகளுக்கானது இல்லை.

இப்படிச் சொல்லிவிட்டு, விதிவிலக்குகளை மறைக்கக் கூடாது. பரம்பரையாக வரும் கொழுப்பு நோய் ஒன்று இருக்கிறது. சுமார் 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு அது இருக்கும், பெரும்பாலோருக்குத் தெரியாமலேயே. குடும்பத்தில் இள வயதிலேயே ஹார்ட் அட்டாக், குதிகாலின் பின்னால் அல்லது விரல் முட்டிகளில் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டி, மாத்திரை சாப்பிடாத நிலையில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 190-க்கு மேல், இவற்றில் ஏதாவது உங்களுக்கு இருந்தால் நான் மேலே சொன்ன "இழப்பு ஒன்றும் இல்லை" உங்களுக்குப் பொருந்தாது. ஏற்கெனவே அட்டாக் வந்தவர்கள், அம்மா அப்பா இரண்டு பேரிடமிருந்தும் அந்த மரபணு வந்தவர்கள், இவர்களுக்குத்தான் எஃப்.டி.ஏ.வின் அந்த 2021 அறிவிப்பில் ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். மாத்திரையைத் தொடர்வதா வேண்டாமா என்பதை இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து, ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இரத்தத்தில் கலக்காமல் குடலிலேயே வேலை செய்துவிட்டுப் போகும் கொலஸ்டிரமின் போன்ற மருந்துகளைக் கர்ப்பத்தில் கொடுக்கலாம். மலச்சிக்கல் வரும், வைட்டமின்களை உடம்பு எடுப்பதைக் கொஞ்சம் குறைக்கும், அதற்குத் தகுந்தபடி பார்ப்பார்கள். எஸெட்டிமிப் என்ற கொழுப்பு மாத்திரைக்கும் புதிதாக வந்திருக்கும் கொழுப்பு ஊசிகளுக்கும் கர்ப்பத்தில் போதிய தகவல் இல்லை, அதனால் நிறுத்திவிடுவோம்.

ட்ரைகிளிசரைடு 1000-ஐத் தாண்டுகிறவர்கள் தனிக் கதை. கணையம் வீங்கிவிடும், அது தாய்க்கும் குழந்தைக்கும் உயிருக்கே ஆபத்து. மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி, முதுகுப் பக்கம் பாய்ந்து, கூடவே வாந்தி என்றால் "மசக்கை, கேஸ்" என்று சோடா குடித்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. ராத்திரியானாலும் ஸ்டான்லி மாதிரி எல்லாப் பிரிவும் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சுகர் சரியாக இல்லாத பெண்களுக்குத்தான் இது அதிகம் வரும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி வாரத்துக்கு இரண்டு தடவை தாராளமாகக் குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள். பொரித்தால் பலன் குறையும், எண்ணெய்தான் கூடும். சுறா வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க சுறாப் புட்டு செய்து கொடுப்பது நம் பக்கத்துப் பழக்கம், அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களின் உடம்பில் பாதரசம் சேர்ந்திருக்கும், அது குழந்தையின் மூளைக்கு ஆகாது. கர்ப்பத்திலும் வேண்டாம், பால் கொடுக்கும்போதும் வேண்டாம். புட்டுதான் வேண்டும் என்றால் வேறு சின்ன மீனில் செய்து கொடுக்கச் சொல்லுங்கள்.

மாமியாரிடம் என்ன சொல்வது? அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை, பயந்திருக்கிறார். எந்த மாத்திரையும் சாப்பிடாத ஆரோக்கியமான தாய்க்கும் நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகள் ஏதோ ஒரு பெரிய குறையோடு பிறக்கின்றன, அதை யாராலும் பூஜ்யமாக்க முடியாது என்பதை முதலில் சொல்லுங்கள். அப்புறம், பார்க்காமலேயே முடிவு செய்ய வேண்டிய அவசரம் இல்லை என்று சொல்லுங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்தில் உறுப்பு உறுப்பாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேன், சுகர் இருப்பதால் 22-ம் வாரத்தை ஒட்டிக் குழந்தையின் இதயத்துக்கு மட்டும் ஓர் எக்கோ. இந்த மூன்றும் உங்களுக்குச் சுகர் என்ற காரணத்துக்காகவே எடுக்க வேண்டியவை. மாத்திரைக்காகத் தனியாக எதுவும் தேவையில்லை. ஸ்கேனில் எல்லாக் குறையும் தெரிந்துவிடாது, ஆனால் பெரிய குறைகளில் நிறையத் தெரியும். அப்படி ஏதாவது தெரிந்தால் அப்போது யோசிக்க நேரமும் இருக்கிறது, சட்டமும் இடம் கொடுக்கிறது. 2021-ல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும். குழந்தைக்குக் கடுமையான குறை என்று மருத்துவக் குழு சொன்னால் 24 வாரத்துக்கு மேலும் முடியும். அதே சட்டத்தில், 18 வயது நிறைந்த பெண் என்றால் அவளுடைய சம்மதம் மட்டும்தான் வேண்டும். கணவர் கையெழுத்தோ மாமியார் கையெழுத்தோ எதற்கும் தேவையில்லை. உங்களைத் தவிர வேறு யாரும் இதை முடிவு செய்ய முடியாது. எந்தக் காரணம் கொண்டும் யாராவது மெடிக்கலில் வாங்கி வந்து தரும் கருக்கலைப்பு மாத்திரைக் கிட்டை மட்டும் வீட்டில் சாப்பிட்டுவிடாதீர்கள். அதிக இரத்தப்போக்கோடு நள்ளிரவில் ஆட்டோவில் வருகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம்.

மருத்துவரைப் பார்க்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம். சுகர் இருப்பவர்களுக்கு அந்த அதிக டோஸைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே கொடுப்பது வழக்கம். முதுகுத்தண்டு மூடிக்கொள்ளும் வாரம் உங்களுக்குத் தாண்டிவிட்டது, இருந்தாலும் 12 வாரம் வரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று ஆஸ்பிரின். சுகர் உள்ள கர்ப்பிணிகளுக்குப் பி.பி. ஏறாமல் தடுக்க 12-ம் வாரத்திலிருந்து குறைந்த டோஸ் ஆஸ்பிரின் கொடுப்பார்கள். "இதுவும் ஹார்ட் மாத்திரைதானே" என்று பயந்து அதை நிறுத்திவிடாதீர்கள், அது உங்களுக்கும் குழந்தைக்கும் நல்லது செய்யும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை உங்கள் வீட்டுக்கு அதிக தூரம் இல்லை. சுகரோடு வரும் கர்ப்பம் அங்கே தினமும் பார்க்கிற விஷயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கிக்கொண்டு, பழைய சீட்டு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அடோர்வாஸ்டாட்டின் எந்த வாரம் வரை சாப்பிட்டீர்கள் என்பதையும் கார்டில் எழுதச் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம்.

குழந்தை பிறந்த பிறகும் உடனே அந்த மாத்திரைக்கு ஓட வேண்டாம். ஸ்டாட்டின் தாய்ப்பாலில் எவ்வளவு போகிறது, அது குழந்தையை என்ன செய்யும் என்பதற்குத் தகவல் குறைவு. அதனால் பால் கொடுக்கும்வரை வேண்டாம் என்பதே இன்றைய நிலை. உங்களுக்கு அவசரமும் இல்லை. பால் குடி மறந்த பிறகு ஒரு தடவை கொழுப்பு டெஸ்ட் எடுத்து, மாத்திரை தேவையா என்று புதிதாக முடிவு செய்யலாம், பழைய சீட்டைக் காட்டி அப்படியே வாங்கிவிடாதீர்கள். திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதினால், அன்றைக்கே காப்பர்-டி போடுவதா வேறு வழியா, அடுத்த குழந்தை எப்போது என்பதையும் அவரிடம் பேசிவிடுங்கள். அவர் கேட்காவிட்டால் நீங்களே ஆரம்பியுங்கள்.